சட்டைப் பையில் ஒரு மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குப் பெயர் வாயு. ஒரு சோடா, கொஞ்சம் ஓமத்திரவம், அப்புறம்தான் டாக்டர். "வாயுப் பிடிப்புதான் டாக்டரய்யா, ஏப்பம் விட்டா சரியாயிரும்" என்பார்கள். "அண்ணாச்சி, நடக்கும்போது வருதா? நின்னா போயிருதா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஆமாம் என்றால் இதயத்தைச் சந்தேகப்பட வேண்டும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது ரத்தம் போதும், வேலை கூடினால் போதாது. இதுதான் ஆஞ்சைனா. பலர் இதை வலி என்றே சொல்வதில்லை. பாரம் ஏற்றிய மாதிரி, இறுக்கிப் பிடித்த மாதிரி என்பார்கள். கைக்கும் தாடைக்கும் பரவலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வெறும் மூச்சிரைப்பாக, அசதியாக வந்து ஏமாற்றிவிடும்.

ஆஞ்சைனாவோடு பல வருஷம் நன்றாக வாழலாம். ஆனால் உங்கள் வலியின் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது வருகிறதா? கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே நடந்தால் வருகிறதா? கோபப்பட்டால்? ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கம் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தால்? குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயினருவிக்குள் சட்டென்று தலையைக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்த அழுத்தம் ஏறி, இதயத்துக்கு வேலை கூடும். சீசனில் குற்றாலம் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. ஓரமாக நின்று கை கால் நனைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இப்போது, வலி வந்ததும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. பலரும் சார்பிட்ரேட் என்று அறிந்தது. இதன் மூத்த அண்ணன் நைட்ரோகிளிசரின், டைனமைட்டுக்குள் இருந்து பாறையைப் பிளந்த அதே சரக்குதான். 1879இல் லண்டன் டாக்டர் வில்லியம் மரெல் அதை ஆஞ்சைனாவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரெட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் டாக்டர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த மாத்திரையைப் பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வயலுக்குப் போகிறவர்கள் உண்டு. அது சட்டைப் பையில் இருக்க வேண்டும், பெண்கள் என்றால் பர்ஸில். கடையில் ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுத்தால் காலாவதித் தேதி இருக்கும் பக்கமாகக் கேட்டு வாங்குங்கள். போடும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முழுங்கிவிட்டால் மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும், பலன் வரத் தாமதமாகும். தலைவலி வந்தால் பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்கிறது. ஆண்களுக்கு ஒன்று, கூச்சப்படாமல் கேளுங்கள்: வயாகரா வகை மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் மறைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழும்.

"ஸ்டென்ட் வச்சாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" இது அடிக்கடி கேட்கும் கேள்வி. ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைக்கும் சின்ன வலைக்குழல். அது ஒரு இடத்து அடைப்பைத்தான் திறக்கிறது, கொழுப்பு படியும் நோய் எல்லாக் குழாயிலும் இருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2020இல் வெளியானது. ஆஞ்சைனா நிலையாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் வலியைக் குறைத்தது, ஆனால் மருந்தோடு மட்டும் இருந்தவர்களைவிட ஆயுளைக் கூட்டவில்லை. அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் இரண்டையும் உங்கள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலால், அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும். பீடி சிகரெட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, விட்டுவிடுங்கள்.

கணக்கு மாறினால்தான் அவசரம். வழக்கத்தைவிடக் குறைந்த தூரத்தில் வலி வருகிறது, அடிக்கடி வருகிறது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலும், மாத்திரை வைத்து ஐந்து நிமிஷத்தில் விடாவிட்டாலும் 108. மகனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம். 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி தூரம் என்றால் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.