கார்த்திகை மழைக்கு ரயர் வாங்குவம்

(காட்சி: காலமை வெயில். வீட்டு முற்றத்தில் கார். குந்தியிருந்து முன் ரயரின் வெட்டுக்குள் பனை ஈர்க்கு ஒன்றை விட்டு எடுக்கிறார்.)

வணக்கம். இந்த ஈர்க்கைப் பாருங்கோ. வெட்டுக்குள்ள, அதாவது ரயரில இருக்கிற பள்ளக் கோட்டுக்குள்ள, போன அளவுக்கு நகத்தால அடையாளம் போட்டிருக்கிறன். அடிமட்டத்தில வைச்சால் 3 மில்லிமீற்றர். புது ரயரில இது 8 மில்லிமீற்றர் அளவில இருக்கும். இப்ப புரட்டாதி முடியப் போகுது. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காத்து இறங்கினால், தை மட்டும் இந்த 3 மில்லிமீற்றரை நம்பித்தான் நான் றோட்டில ஓடவேணும். நான் நம்பத் தயாரில்லை. அதனாலதான் இந்த வீடியோ.

ரயர் வாங்கப் போகேக்க நாங்கள் கேக்கிற கேள்வி ரெண்டு. என்ன விலை, எத்தினை வருசம் ஓடும். மழையில பிடிக்குமோ எண்டு கேக்கிறது குறைவு. வருசத்தில எட்டு மாதம் காஞ்சு கிடக்கிற ஊர் எங்கட யாழ்ப்பாணம், மழைக்கு எண்டு தனியா ஏன் யோசிப்பான் எண்டு நானும் இருந்தனான்.

(காட்சி: மழையில் ஏ-9 வீதி. ஆனையிறவு தாண்டின நேர் றோட்டு. கண்ணாடியில் வைப்பர் வேகமாக ஓடுது.)

ஒரு கார்த்திகை மாதம், பின்னேரம். ஆனையிறவு தாண்டிப் பரந்தன் பக்கம் போய்க்கொண்டிருந்தன். பக்கத்தில அம்மா. நல்ல காப்பெற் றோட்டு, முன்னுக்கு வாகனம் இல்லை, வேக முள்ளு 80ஐத் தாண்டி நிண்டது. றோட்டில ஒரு இடத்தில தண்ணி தேங்கி நிண்டதை நான் கிட்டப் போய்த்தான் கண்டன். திடீரெண்டு ஸ்டியரிங் லேசாப் போச்சு. கையில ஒண்டும் இல்லாத மாதிரி. திருப்பினால் கார் திரும்பேல்லை. ரெண்டு செக்கன் இருக்கும். பிறகு ரயர் றோட்டைத் தொட்டிது, கார் ஒருக்கா உலுப்பி நேரா வந்திது. அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. கிளிநொச்சி வரும் வரைக்கும் என்ர கை நடுங்கினது.

அடுத்த நாள் காத்து அளந்து பாத்தன். பி.எஸ்.ஐ எண்டது காத்தின்ர அழுத்தத்தை அளக்கிற அலகு. 32 பி.எஸ்.ஐ இருக்கவேண்டிய ரயரில 24 இருந்தது. இந்த 24 எண்ட எண்ணை ஞாபகம் வைச்சிருங்கோ, திரும்பி வருவன்.

(காட்சி: பலகையில் சோக்கால் வரைபடம்.)

முதல்ல, ரயர் எப்பிடிப் பிடிக்குது? உங்கட காரின்ர ஒவ்வொரு ரயரும் றோட்டைத் தொடுற இடம் கிட்டத்தட்ட உங்கட உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கைதான் முழுக் காரையும் பிடிச்சு வைச்சிருக்குது. அந்த இடத்தில ரெண்டு வேலை நடக்குது. ஒண்டு, றப்பர் தார்க்கல்லோட நேரா ஒட்டிக்கொள்ளுறது. மற்றது, றப்பர் நெளிஞ்சு கல்லின்ர மேடு பள்ளத்துக்குள்ள இறங்கிக் கொளுவிக்கொள்ளுறது.

காஞ்ச றோட்டில ரெண்டு வேலையும் நடக்கும். சொன்னால் நம்பமாட்டியள், காஞ்ச றோட்டில வெட்டே தேவையில்லை. பந்தயக் கார்களுக்கு வெட்டு இல்லாத வழுவழு ரயர் போடுறதே அதுக்குத்தான். றப்பர் கூடத் தொட்டால் பிடிப்பும் கூட. அதனாலதான் தேஞ்ச ரயரோட ஆடி மாதம் ஓடேக்க ஒரு குறையும் தெரியாது. இன்னும் நல்லாப் பிடிக்கிற மாதிரிக் கூட இருக்கும். அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொண்டுபோய் விழுத்துறது.

மழை வந்தால் ஒரு மெல்லிய தண்ணிப் படலம் றப்பருக்கும் கல்லுக்கும் நடுவில நிக்கும். ஒட்டுற வேலை அதோட முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறது கொளுவுற வேலை மட்டும். அது நடக்கவும் முதல்ல தண்ணி விலகவேணும். வெட்டு இருக்கிறது அதுக்கு.

ஒரு சின்னக் கணக்குச் செய்து பாப்பம். ரயரின்ர அகலம் 175 மில்லிமீற்றர். றோட்டில 3 மில்லிமீற்றர் தண்ணி. வேகம் 80. அப்ப ஒரு ரயர் ஒவ்வொரு செக்கனும் விலத்தவேண்டிய தண்ணி கிட்டத்தட்ட 12 லீற்றர். ஒரு வாளித் தண்ணி! ஒரு செக்கனில! பாதி தேஞ்ச வெட்டால அது எப்பிடிப் போகும்? போகாத தண்ணி ரயருக்கு அடியில ஆப்பு மாதிரி இறங்கி ரயரைத் தூக்கும். இதைத்தான் அக்குவாபிளேனிங் எண்டு சொல்லுறது. பரந்தன் றோட்டில எனக்கு நடந்தது அதுதான்.

இப்ப அந்த 24க்கு வாறன். 1960களில அமெரிக்க நாசா ஆக்கள் விமான ரயர்களை நனைஞ்ச ஓடுபாதையில ஓட்டிப் பாத்து ஒரு கணக்குக் கண்டுபிடிச்சவை. ரயர் எந்த வேகத்தில மிதக்கத் தொடங்கும் எண்டது அதுக்குள்ள இருக்கிற காத்தின்ர அழுத்தத்தைப் பொறுத்தது. பி.எஸ்.ஐ அளவின்ர வர்க்கமூலத்தை 16.65ஆல பெருக்கினால் வேகம் கிலோமீற்றரில வரும். 32 பி.எஸ்.ஐ எண்டால் 94. 24 எண்டால் 81 சொச்சம். வெட்டால வெளியேற முடியாத அளவு தண்ணி நிக்கிற இடத்துக்கான கணக்கு இது. கார் ரயர் இதுக்கு முதலே பிடியை இழக்கத் தொடங்கலாம். ஆனாலும் அந்தப் பின்னேரம் என்ர முள்ளு எங்க நிண்டது எண்டதை நினைச்சுப் பாருங்கோ. எட்டு பி.எஸ்.ஐ காத்துக் குறைவுக்கு எனக்கு வந்த விலை அது. காத்து அடிக்கக் கடையில வாங்குற காசு எவ்வளவு!

காத்தை, கார் ஓடாமல் ரயர் குளிர்ந்து இருக்கேக்க அளவுங்கோ. சரியான அளவு சாரதிக் கதவைத் திறந்தால் தூணில ஒட்டியிருக்கும். ரயரின்ர பக்கத்தில எழுதியிருக்கிற அளவு அது தாங்கக்கூடிய ஆகக்கூடின அளவு, அதைப் பாத்து அடிக்கக் கூடாது.

(காட்சி: ரயரின் பக்கச் சுவரில் எழுத்துகளை விரல் தொட்டுக் காட்டுது.)

கடையில ரயரைக் கையில எடுத்தால் என்ன வாசிக்கவேணும்? 175/65 ஆர் 15, 84 எச் எண்டு ஒரு உதாரணம். அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச் சுவரின்ர உயரம் அந்த அகலத்தின்ர 65 வீதம், ஆர் எண்டால் ரேடியல் எண்ட கட்டு முறை, 15 அங்குல றிம். 84 எண்டால் ஒரு ரயர் தாங்குற பாரம் 500 கிலோ. எச் எண்டால் மணிக்கு 210 கிலோமீற்றர் மட்டும் தாங்கும். உங்கட காருக்குக் குடுத்த பார எண்ணுக்குக் குறைஞ்சு வாங்காதையுங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கு ஏழு பேரை ஏத்திக்கொண்டு போற ஆக்கள் நாங்கள்.

அகலமான ரயர் போட்டால் நல்லாப் பிடிக்கும் எண்டு பெடியள் பெரிய அலோய் றிம்மோட மாத்தீனம். காஞ்ச றோட்டில கொஞ்சம் உண்மை. தண்ணியில மாறித்தான் நடக்கும், அகலம் கூடக்கூட விலத்தவேண்டிய தண்ணியும் கூட. கொம்பனி குடுத்த அளவிலயே நில்லுங்கோ.

சில ரயரில டிரக்சன் எண்டு எழுதி ஏஏ, ஏ, பி, சி எண்டு ஒரு தரம் இருக்கும். அது அமெரிக்க முறை. நனைஞ்ச றோட்டில நேரா ஓடிப் பிறேக் பிடிச்சுப் பாத்துக் குடுக்கிற தரம் அது. வளைவில பிடிக்குமோ எண்டதை அது சொல்லாது. ஏஏ கிடைச்சால் நல்லது, ஏக்குக் கீழ நான் வாங்கமாட்டன். அதோட ட்ரெட்வெயர் எண்டு ஒரு எண் இருக்கும், 300, 400, 500 எண்டு. கூடின எண் கூட நாள் ஓடும் எண்டு கொம்பனி தானே சொல்லுற கணக்கு. எண் கூடக்கூட றப்பர் பொதுவாக் கடினம், பிடிப்புக் குறையப் பாக்கும். எங்கட ஓட்டத்துக்கு அந்தக் கூடின எண் தேவையோ? திருநெல்வேலியில இருந்து பட்டினத்துக்கும், மாதம் ஒருக்கா வவுனியாவுக்கும் ஓடுற கார் ரயரைத் தேய்க்க முதலே வெயில் அதைக் காயவைச்சுப் போடும்.

ஐரோப்பா ரயரில ஒட்டின லேபிளில மழை முகில் படத்துக்குப் பக்கத்தில ஏ தொடக்கம் ஈ மட்டும் தரம் இருக்கும். ஜப்பான் ரயர்க்காரர் 2010இல இருந்து ஈரப்பிடிக்கு நாலு தரம் வைச்சிருக்கினம். எந்த லேபிளாய் இருந்தாலும் ஈரப்பிடியைத்தான் முதல்ல பாருங்கோ. ஒழுங்காச் செய்த புது ரயர் எதுவும் காஞ்ச றோட்டில எங்கட ஓட்டத்துக்குப் பிடிக்கும். நல்லதும் கெட்டதும் பிரியிறது தண்ணியிலதான்.

றப்பர்க் கலவையிலும் விசயம் இருக்கு. முந்தி ரயருக்குக் கரித்தூள் மட்டும்தான் சேர்ப்பினம், கறுப்பு நிறம் அதாலதான். 1990களின்ர தொடக்கத்தில இருந்து சிலிக்காவும் சேர்க்கத் தொடங்கினவை. சிலிக்கா சேர்ந்த றப்பர் ஈரத்தில நல்லா நெளிஞ்சு கொளுவும், பெற்றோலும் கூடக் குடிக்காது. கடைக்காரரிட்ட சிலிக்கா கலந்ததோ எண்டு கேளுங்கோ. வெளிநாட்டுப் பேர்தான் வேணும் எண்டில்லை. களனியில செய்யிற சியற் ரயரையும் இதே கண்ணோட பாத்து வாங்கலாம்.

(காட்சி: ரயர் கடை. அடுக்கின ரயர்கள்.)

இனி ஒரு முக்கியமான விசயம். ஜப்பானில இருந்து பாவிச்ச காரோட வாற சில ரயரில ஸ்டட்லெஸ் எண்டு எழுதியிருக்கும், இல்லாட்டி மலையும் பனிப்பூவும் போட்ட ஒரு படம் இருக்கும். அது பனி விழுற நாட்டு ரயர். றோட்டைத் தொடுற றப்பரில நெளிநெளியா நூற்றுக்கணக்கில கீறல் இருக்கும், தொட்டால் பஞ்சு மாதிரி மெத்தெண்டு இருக்கும். வெட்டு ஆழமா, பாக்கப் புதுசு மாதிரி இருக்கும். பனிக்கட்டியில பிடிக்கச் செய்த அந்த மெல்லிய றப்பர் எங்கட சூட்டில குழைஞ்சு போகும். மழையில பிறேக் பிடிச்சால் சாதாரண ரயரை விடக் கூடத் தூரம் போய்த்தான் நிக்கும். மலிவாக் கிடைச்சாலும் எடுக்காதையுங்கோ.

போன முறை நான் ரெண்டு ரயர் மட்டும் வாங்கினனான். கடைக்கார அண்ணை முன் வீலைக் கழட்டத் தொடங்கினார்.

"அண்ணை, புதுசு ரெண்டையும் பின்னுக்குப் போடுங்கோ."

"என்ன தம்பி, முன்னுக்குத்தானே எஞ்சின் இழுக்குது, பிறேக்கும் முன்னுக்குத்தானே கூட?"

"ஓம் அண்ணை. முன்னுக்கு வழுக்கினால் ஸ்டியரிங்கில தெரியும், காலை எடுத்தால் பிடிக்கும். பின்னுக்கு வழுக்கினால் கார் சுழண்டு போகும். என்னால பிடிக்கேலாது."

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "கடைக்கு வாற எல்லாருக்கும் நான் முன்னுக்குத்தான் போட்டுக் குடுக்கிறனான்" எண்டார். பிறகு ஜக்கைப் பின்னுக்குக் கொண்டுபோனார். முன் வீல் இழுக்கிற காருக்கும் இதுதான் முறை: வெட்டுக் கூடின சோடி பின்னுக்கு.

பக்கத்தில டொட் எண்ட எழுத்துக்குப் பிறகு கடைசி நாலு இலக்கம் பாருங்கோ. 2319 எண்டால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. கடையில வருசக்கணக்காக் கிடந்த ரயரைப் புதுசு எண்டு வாங்கிப்போடாதையுங்கோ. எங்கட வெயிலில மாமரத்துக்குக் கீழயோ கிடுகுக் கொட்டிலுக்குள்ளயோ நிக்காத காருக்கு, வெட்டு இருந்தாலும் அஞ்சு ஆறு வருசத்தில பக்கத்தில மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும். கல்லுமாதிரி இறுகின றப்பர் தண்ணியில நெளியாது.

(காட்சி: பண்ணைப் பாலத்தில் முதல் மழை. ரெண்டு பக்கமும் கடல்.)

முதல் மழையைப் பற்றியும் சொல்லவேணும். எட்டு மாதத்து எண்ணெய், தூசு, றப்பர்த் தூள் எல்லாம் றோட்டில படிஞ்சு கிடக்கும். முதல் தூறலில அது சவர்க்கார நுரை மாதிரி ஆகும். நல்லா அடிச்சுப் பெய்து கழுவினால் பிறகு பரவாயில்லை. பண்ணையாலயும் பொன்னாலையாலயும் போறவை காத்து கொண்டுவந்து போடுற மணலையும் கவனியுங்கோ. மணலுக்கு எந்த ரயரும் மருந்தில்லை, வேகத்தைக் குறைக்கிறது மட்டும்தான். பிடிப்புப் பாதியானால் பிறேக் தூரம் ரெட்டிப்பு: 60இல காஞ்ச றோட்டில 18 மீற்றரில நிக்கிற கார் 36 மீற்றர் ஓடும். குறுக்க ஒரு மாடு வந்தால் அந்த 18 மீற்றருக்கு எங்க போறது?

புது ரயர் போட்டாலும் முதல் 150 கிலோமீற்றர் மெதுவா ஓடுங்கோ. அச்சில இருந்து கழட்டப் பூசின வழுவழுப்பு மேல்ப்பக்கத்தில இருக்கும்.

(காட்சி: திரும்ப முற்றம். நாலு ரயருக்கும் ஈர்க்கு வைத்து அளந்து, தாளில் குறிக்கிறார்.)

இதை நீங்களும் உங்கட முற்றத்தில செய்யலாம். ஒவ்வொரு ரயரிலயும் உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு எண்டு மூண்டு இடத்தில ஈர்க்கை வையுங்கோ. நடு மட்டும் தேஞ்சிருந்தால் காத்துக் கூட. ரெண்டு விளிம்பும் தேஞ்சிருந்தால் காத்துக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் எண்டால் அலைன்மென்ற் பாக்கவேணும், இல்லாட்டிப் புது ரயரையும் அப்பிடியே தின்னும். வெட்டுக்கு அடியில 1.6 மில்லிமீற்றர் உயரத்தில ஒரு சின்ன மேடு இருக்கும். ரயர் அதைத் தொட்டால் முடிஞ்சுது. நான் அது மட்டும் காத்திருக்கமாட்டன். மழைக்கு முதல் 3 எண்டால் மாத்துவன்.

என்ர தாளில முன் ரெண்டும் 3. பின் ரெண்டும் 6. சனிக்கிழமை கடைக்குப் போறன். புதுசு ரெண்டும் பின்னுக்கு, பின்னுக்கு இருந்தது முன்னுக்கு வரும். அண்ணையிட்ட இந்த முறை சொல்லத் தேவையிராது எண்டு நினைக்கிறன்.