ஐந்தாம் பருவத்து வள்ளம்

எல்லோருக்கும் வணக்கம். மாரியிலே வன்னிச் சனத்திடம் வந்து வெள்ளத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். இரணைமடுக் குளத்து வான்கதவுகளைத் திறந்தால் என்ன ஆகும் என்பது 2018 டிசெம்பர் வெள்ளத்தைப் பார்த்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் வேறொரு நாட்டு வெள்ளத்தையும், அதில் போக அங்கே குடையும் ஒரு வள்ளத்தையும் சொல்கிறேன்.

எஸ்தோனியா, வட ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. அதன் தென்மேற்கில் சோமா என்றொரு சதுப்புக்காடு, 1993 முதல் தேசியப் பூங்கா. பனி உருகும்போது மேட்டுத் தண்ணீரெல்லாம் இந்தத் தட்டைப் பள்ளத்துக்குத்தான் வரும். ஆறுகளால் அவ்வளவையும் இழுக்க முடியாது, வயல், காடு, வீதி எல்லாம் மூழ்கி, சில இடங்களில் ஏழெட்டுக் கிலோமீற்றர் அகலத்துக்கு ஒரே வெள்ளமாய்க் கிடக்கும். வருடத்தின் நான்கு பருவங்களோடு இதையும் ஐந்தாவது பருவம் என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

வெள்ளத்துக்கு முன்னால் நீண்ட குளிர்காலம். ஓநாயும் லின்க்ஸ் பூனையும் பனியில் தடம் விட்டுத் திரியும். எனக்குப் பிடித்தது பீவர். கொறிக்கிற சாதிதான், ஆனால் நல்ல நாய் அளவு இருக்கும். பல்லாலேயே மரத்தைச் சாய்த்து, கொப்பும் சேறும் போட்டு ஓடையை மறித்து, நம் ஆட்களைப்போலக் குளக்கட்டே கட்டிவிடும், தண்ணீர் திறந்துவிடும் துரிசு மட்டும் வைக்காது. குளிர் இறுகுமுன் ஆஸ்பன் மரக் கொப்புகளைத் தன் வளைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கும். மேலே ஆறு உறைந்த பிறகு அடியால் நீந்திப்போய் எடுத்துத் தின்னும். வேட்டையாடி ஒரேயடியாய் அழித்துவிட்டு, 1957-இல்தான் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள்.

அந்த ஆஸ்பனில்தான் வள்ளமும் செய்கிறார்கள். ஹாப்யாஸ் என்று பெயர். நேரான, கணு குறைந்த, உள்ளே உக்காத மரம் வேண்டும். ஆஸ்பன் முற்றினால் நடு உக்கிவிடும், ஆகவே மரம் தேடுவதே பெரிய வேலை. தறித்து, வெளியே உருவம் செதுக்கி, உள்ளே குடைந்து, சுவரை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மெல்லிசாக்குவார்கள். இதுவரை அது ஒடுங்கிய தொட்டிதான். பிறகு தண்ணீரால் ஊறவைத்து, நெருப்புச் சூடு காட்டி, சுவர் இளக இளகக் குறுக்கே கழி கொடுத்து விரிப்பார்கள். நடு அகலும், இரண்டு முனையும் மேலெழும். அவசரப்பட்டால் வெடிக்கும், அத்தனை நாள் உழைப்பும் விறகு. பலகை பொருத்திக் கட்டுவதில்லை, உடல் முழுக்க ஒரே மரம்!

வீதியும் பாலமும் வர வள்ளத்தின் தேவை குறைந்தது, செய்யத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ இதை, அவசரமாகக் காப்பாற்றவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பெருமையாகச் சொல்கிறார்கள், என்னைக் கேட்டால் அது அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கிடைத்த மாதிரி. ஆனாலும் தெரிந்த சிலர் இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு இன்னும் குடைகிறார்கள், வெள்ளம் வந்ததும் அதில் ஏறிப் போகிறார்கள். காட்சிக்கூடத்தில் வைத்திருந்தால் மெல்லிய சுவர் காய்ந்து பிளந்திருக்கும்.

நம் கரையில் பைபர் வள்ளம் வந்ததைக் குறை சொல்ல மாட்டேன், இலேசு, பராமரிப்பும் குறைவு. கட்டுமரம் கட்டிய கிழவர் முல்லைத்தீவுப் பக்கம் யாராவது இருந்தால், எந்த மரம், எந்த மாதம் வெட்டுவது, எப்படிப் பிணைப்பது என்று கேட்டு இந்த மாரிக்குள் கைபேசியிலாவது பதிந்து வையுங்கள், கோடைக்குத் தள்ளாதீர்கள்.

சரி, கேள்வி கேட்கலாம். சோமாவில் கரடி உண்டா என்று முன்வரிசைத் தம்பி கேட்கிறார். உண்டு, ஆனால் நம் காட்டுக் கரடிபோல அல்ல, குளிர்காலம் முழுக்கத் தூக்கம்.