விளக்கம் பிடிபடாத தடயங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அண்மை ஆண்டுகளின் அறிவியல் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். இருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுச் செல்ல முயன்றால் பெயர்களும் எண்களும்தான் மிஞ்சும். ஆகவே ஒரே ஒரு கேள்வியை முன்வைத்துச் சில நிகழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கருவியில் ஏதோ ஒன்று பதிவாகிறது. அது என்னவென்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்? செய்தியில் பார்க்கும்போது கண்டுபிடிப்பு ஒரே நாளில் நிகழ்ந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையான வேலையெல்லாம் அந்தப் பதிவுக்கும் அந்தச் செய்திக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் நடக்கிறது.

2023 செப்டம்பர் 16 அன்று, ஆர்க்டிக் முதல் அண்டார்க்டிகா வரை உலகெங்கும் உள்ள நில அதிர்வு நிலையங்களில் விந்தையான அதிர்வு ஒன்று பதிவாகத் தொடங்கியது. நிலநடுக்கம் என்றால் பல அதிர்வெண்கள் ஒன்றோடொன்று கலந்து, வரைபடத்தில் கிறுக்கலாக விழுந்து, சிறிது நேரத்தில் தேய்ந்து மறைந்துவிடும். இதுவோ 92 நொடிக்கு ஒருமுறை என்ற ஒரே கால அளவில், பிசிறு ஏதுமின்றி, ஒன்பது நாட்கள் நீடித்தது. அப்படியொரு பதிவை அதற்கு முன் எவரும் கண்டதில்லை. ஆய்வாளர்கள் தங்களுக்குள் அதற்கு 'அடையாளம் தெரியாத நில அதிர்வுப் பொருள்' என்று பெயரிட்டார்கள். பறக்கும் தட்டுகளைத் தேடுவோரைச் சற்றே சீண்டிப் பார்க்கும் பெயர் அது.

அதே நாட்களில், கிழக்குக் கிரீன்லாந்தில் ஆள் நடமாட்டமற்ற ஒரு கடற்கழியில் பேரலை எழுந்ததாக வேறொரு தகவல் வந்து சேர்ந்தது. செங்குத்தான மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய அந்த நீர்ப்பகுதிக்கு டிக்சன் ஃபியோர்டு என்று பெயர். நில அதிர்வுக்காரர்களும் நிலச்சரிவை ஆராய்பவர்களும் ஒன்றுசேர்ந்தார்கள். 15 நாடுகளையும் 40 நிறுவனங்களையும் சேர்ந்த 68 பேர் கூடி, செயற்கைக்கோள் படங்களையும் களத்தில் எடுத்த ஒளிப்படங்களையும் கணினி மாதிரிகளையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் விடையை வெளியிட்டார்கள்.

நடந்தது இதுதான். 1.2 கிலோமீட்டர் உயரமுள்ள ஒரு மலையின் அடிவாரத்துக்குப் பல காலமாக முட்டுக்கொடுத்து வந்த பனியாறு, வெப்பமயமாதலால் மெலிந்துபோயிற்று. தாங்குவார் இன்றி மலையின் ஒரு பகுதி பெயர்ந்தது. பாறையும் பனியுமாக இரண்டரைக் கோடி கன மீட்டர் கீழே பாய்ந்து நீரில் விழுந்தது. முதலில் எழுந்த அலை 200 மீட்டர் உயரம் வரை கரையேறியது. அதன்பின் அது வெளிக்கடலுக்கு ஓடிப்போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கழியின் ஒரு முனையைப் பனியாறு அடைத்திருக்கிறது, மறுமுனை கூர்மையாக வளைந்து திரும்புகிறது. ஆற்றலுக்கு வெளியேற வழியில்லை. அகன்ற பாத்திரத்தில் நீரைச் சுமந்து நடக்கும்போது அது இக்கரைக்கும் அக்கரைக்கும் அலம்புவதைப் போல, கழியின் நீர் முழுவதும் இரு கரைகளுக்கிடையே 92 நொடிக்கு ஒருமுறை போய்வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த எடை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இடம் மாறும்போது பூமியின் மேலோடு சிறிது அசைந்தது. உலகம் முழுவதும் பதிவானது அந்த அசைவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. மலை சரிந்த மூன்று நாட்களுக்குப் பிறகு டென்மார்க்கின் இராணுவக் கப்பல் ஒன்று அந்தக் கழிக்குள்ளேயே சென்று வந்தது. அதிர்வு அப்போதும் ஓயவில்லை. ஆயினும் கப்பலில் இருந்தவர்கள் அலை எதையும் காணவில்லை. நிகழும் இடத்தில் நின்றவர்களுக்குப் புலப்படாத ஒன்றை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருந்த கருவிகள் பதிவு செய்துகொண்டிருந்தன. விளக்கம் வெளிவந்த பிறகும் நேரடிச் சான்று இல்லையே என்ற குறை இதனால் நீடித்தது. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அகன்ற பட்டையாக அளக்கும் 'ஸ்வாட்' செயற்கைக்கோள், 2022 டிசம்பரில் ஏவப்பட்டதால், நல்வாய்ப்பாக அப்போது சுற்றுப்பாதையில் இருந்தது. அது அந்தக் கழியின் மேலே கடந்தபோது எடுத்த அளவீடுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் தேடியெடுத்து, நீர்மட்டம் ஒரு கரையில் உயர்ந்தும் மறு கரையில் தாழ்ந்தும் சாய்ந்திருந்ததை 2025-இல் காட்டினார்கள். சாய்வு திசை மாறுவதும் தெரிந்தது. குறை தீர்ந்தது.

இரண்டாவது நிகழ்வுக்கு ஓர் ஆண்டு போதவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1998-இல் கடல் நுண்ணுயிர்களை ஆராயும் ஜோனதன் ஸேர் தலைமையிலான குழு, பசிபிக் கடல்நீரில் ஒரு சிறிய டிஎன்ஏ துணுக்கைக் கண்டது. காற்றிலுள்ள நைட்ரஜனை உயிர்கள் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றவல்ல, அதுவரை அறியப்படாத ஒரு நீலப்பச்சைப் பாசியின் துணுக்கு அது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்றாலும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் தாவரங்களாலோ விலங்குகளாலோ அதை நேரடியாகப் பயன்படுத்த முடிவதில்லை. அந்தப் பிணைப்பை உடைப்பது சில நுண்ணுயிர்களின் தனித்திறன் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆகவே துணுக்கின் சொந்தக்காரர் யார் என்பது சிறிய கேள்வியன்று.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் கொச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோகோ ஹகினோ, இதோடு தொடர்பில்லாத வேறொரு காரணத்துக்காக, ஒரு செல் மட்டுமே கொண்ட கடற்பாசி ஒன்றை ஆய்வகத்தில் வளர்க்கப் போராடிக்கொண்டிருந்தார். முந்நூறு முறைக்கு மேல் கடல்நீர் சேகரித்து, பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்துத்தான் அதை வளர்க்க முடிந்தது. ஸேர் தேடிய உயிர் அந்தப் பாசிக்குள்ளேதான் குடியிருந்தது. அவரவர் துறை எல்லைக்குள்ளேயே இருவரும் நின்றிருந்தால் இந்தச் சந்திப்பு நேர்ந்திருக்காது.

குடியிருப்பது விருந்தாளியா, உடலின் உறுப்பா என்பது அடுத்த கேள்வி. பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் விருந்தாளிகள்தான். மண்ணில் தனித்தும் அவை பிழைக்கும். இங்கே நிலைமை வேறு. மென் எக்ஸ் கதிர் கொண்டு முழு செல்லையும் படமெடுத்தபோது, செல் பிளவுபடும் முன் உள்ளிருப்பதும் தவறாமல் இரண்டாகப் பிரிந்து, சேய் செல்லுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்வது தெரிந்தது. அதைவிட வலுவான சான்று புரதங்களில் கிடைத்தது. அது தனக்குத் தேவையான புரதங்கள் பலவற்றைத் தானே செய்வதில்லை. பாசி அவற்றைத் தயாரித்து, ஒரு முகவரிச் சீட்டு ஒட்டியதுபோலக் குறியிட்டு, உள்ளே அனுப்புகிறது. தன் மரபணுக்களில் பெரும்பகுதியைத் தொலைத்துவிட்ட ஒன்றை இனியும் தனி உயிர் என்று சொல்வதற்கில்லை. 2024 ஏப்ரலில் அதற்கு 'நைட்ரோபிளாஸ்ட்' என்ற பெயர் வந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகமும் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே செல்லுக்குள் நுழைந்து உறுப்பாகிவிட்டவை. இதன் வயது சுமார் பத்துக் கோடி ஆண்டுகள்தான் என்பதால், அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை இதில் இன்னும் அருகிலிருந்து ஆராய முடியும்.

தடயத்தைத் தேடிப் போனவர்களுக்கு எதிர்பாராத விடை கிடைப்பதும் உண்டு. பென்னு என்ற சிறுகோளிலிருந்து ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பரில் 121.6 கிராம் மண்ணையும் கல்லையும் கொண்டுவந்தது. உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-உம், டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றில் எழுத்துகளைப் போல அமையும் ஐந்து காரங்களும் அதில் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். தலைப்புச் செய்தி அதுதான். ஆனால் துறையினரை யோசிக்க வைத்தது வேறு. அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை என ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வடிவங்களில் அமையும். பூமியின் உயிர்கள் ஏறக்குறைய முற்றிலும் இடக்கை வடிவத்தையே புரதத்தில் பயன்படுத்துகின்றன. விண்கற்கள் சிலவற்றில் இடக்கை வடிவம் மிகுந்திருந்ததால், அந்தச் சாய்வே விண்வெளியிலிருந்து வந்தது என்று பலர் கருதினார்கள். பென்னுவில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அந்தக் கருத்துக்கு இது நல்ல அடி. பூமியின் மாசு கலந்திருந்தால் இடக்கை மிகுந்திருக்கும் என்பதால், மாதிரி தூய்மையானது என்பதற்கும் இதுவே சான்றாயிற்று.

பல ஆண்டுகள் மதிக்கப்பட்ட தடயம் கரைந்துபோனதும் அண்மையில் நடந்தது. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிட எடை மிகுந்த மியூயான் என்ற துகளின் காந்தப் பண்பு, கோட்பாட்டுக் கணக்கிலிருந்து மிகச் சிறிதளவு விலகுவதாக அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது. அறியாத துகள் ஏதேனும் ஒளிந்திருக்கலாம் என்ற நம்பிக்கையில், 2013-இல் அந்தச் சோதனையில் மியூயான்களைச் சுழலவிட்ட பெரிய காந்த வளையத்தையே கடல் வழியாகவும் சாலை வழியாகவும் ஃபெர்மி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2025 ஜூனில் வந்த இறுதி அளவீடு, நூறு கோடியில் 127 பங்கு என்ற நுட்பத்தில் பழைய எண்ணை உறுதிப்படுத்தியது. இதற்கிடையே கோட்பாட்டுக் கணக்கைப் புது முறையில் செய்தவர்களின் எண் அளவீட்டுக்கு அருகே நகர்ந்துவிட்டது. சோதனை சரியாகவே இருந்தது. ஒப்பிட்ட கணக்குதான் மாறியது. இதைத் தோல்வி என்று எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை.

இந்தப் பொறுமை எல்லா இடத்திலும் இருப்பதில்லை. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு இருக்கக்கூடும் என்று 2025 ஏப்ரலில் ஒரு குழு அறிவித்தது. பூமியில் கடற்பாசிகள் வெளியிடும் வாயு அது. உடனே 'உயிர் கிடைத்துவிட்டது' என்று தலைப்புகள் வந்தன. அதே தரவைப் பிறர் ஆராய்ந்தபோது குறி அத்தனை தெளிவாகத் தெரியவில்லை. தவிர, அந்தச் சேர்மத்தை உயிரற்ற வால்வெள்ளி ஒன்றிலும் கண்டிருக்கிறார்கள்.

இப்போதைக்கு விடை தெரியாமல் நிற்கும் தடயங்களில் முக்கியமானது செவ்வாயில் இருக்கிறது. பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ஜெசரோ பள்ளத்தின் பழைய ஆற்றுத் தடத்தில், சிறுத்தைத் தோலைப் போன்ற புள்ளிகள் கொண்ட பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்ஃபைடும் உள்ள கனிமங்கள் இருப்பதற்கான அடையாளங்கள் உண்டு. பூமியில் இத்தகைய கனிமங்கள் நுண்ணுயிர்ச் செயலாலும் உருவாகும், வெறும் வேதிவினையாலும் உருவாகும். 2025 செப்டம்பரில் வெளியான கட்டுரை 'உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. எது சரி என்று தீர்மானிக்க, ஐசோடோப்பு விகிதங்களை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதை, அளக்கும் பூமியின் ஆய்வகக் கருவிகள் வேண்டும். மாதிரி அடைத்த குழாய் அங்கே இருக்கிறது; அதைக் கொண்டுவருவதற்கான திட்டம் செலவுச் சிக்கலில் மாட்டிக்கொண்டது.

வணக்கம்.