காசு கொடுத்தால்தான் பெல்ட்

நேயர்களுக்கு வணக்கம். புதிய கார் வாங்கப் போகிற யாரும் இன்று ஷோரூமில் "சீட் பெல்ட் உண்டா?" என்று கேட்பதில்லை. கேட்டால் விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் அதைக் கேட்டே வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. ரேடியோ வேண்டுமா, வெள்ளை ஓரம் போட்ட டயர் வேண்டுமா என்பதுபோல, பெல்ட் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

1956ஆம் ஆண்டு மாடல்களுக்கு அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் பாதுகாப்பையே விளம்பரமாக்கிப் பார்த்தது. மோதலில் ஓட்டுநரின் மார்பைக் குத்தாதபடி நடுவில் குழிந்த ஸ்டீயரிங், எளிதில் திறந்துகொள்ளாத கதவுத் தாழ்ப்பாள் இரண்டும் எல்லாக் கார்களிலும் வந்தன. சீட் பெல்ட்டும் டேஷ்போர்டுக்கு மெத்தையும் கூடுதல் காசுக்கு. அந்த ஆண்டு விற்பனையில் போட்டி நிறுவனமான செவ்ரோலெட் முந்திக்கொண்டது. அவ்வளவுதான், 'பாதுகாப்பு விற்காது' என்று கார்த் தொழிலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் ஓராண்டுக் கணக்கை வைத்து எடுத்த அந்த முடிவை, ரொம்ப வசதியான முடிவு என்றுதான் நான் சொல்வேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனின் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் சாப் நிறுவனத்தில், ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். அதனால் திடீர் விசையை மனித உடலின் எந்தப் பகுதி தாங்கும், எது தாங்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இடுப்பெலும்பும் மார்புக்கூடும் தாங்கும், வயிறு தாங்காது. அதனால் ஒரு பட்டை இடுப்பைச் சுற்றி, இன்னொன்று மார்பின் குறுக்கே, இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு கையாலேயே மாட்டலாம். சங்கடமாக இருந்தால் யாரும் போடமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே யோசித்திருக்கிறார். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வால்வோ விட்டுவிட்டது.

இலவசம்தானே, எல்லாரும் உடனே மாட்டியிருப்பார்கள் என்று நினைப்போம். நடக்கவில்லை. 1965இல் ரால்ஃப் நேடர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் கார்களின் ஆபத்தான வடிவமைப்பைப் பற்றி எழுதி ஒரு பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். மறு ஆண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல் அங்கே புதிய கார்களில் பெல்ட் கட்டாயம். அப்புறம் பார்த்தால், மாட்டியிருந்த பெல்ட்டை யாரும் போடவில்லை! போட்டே ஆக வேண்டும் என்று முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970இல். அமெரிக்கா வேறு வழியில் போனது. முன்னால் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் 1974ஆம் ஆண்டு மாடல்கள் ஸ்டார்ட் ஆகாது. பக்கத்து சீட்டில் கனமான ஒரு பையை வைத்தால், அதற்கும் பெல்ட் போடச் சொல்லி வண்டி அடம்பிடிக்கும். மக்கள் கொதித்துப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த விதியை நீக்கிவிட்டது.

மோதும் நொடியில் காற்று நிரம்பி விரியும் பையான ஏர்பேக்கின் கதை இன்னும் நீளம். ஜான் ஹெட்ரிக் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1953இல். ஜெனரல் மோட்டார்ஸ் எழுபதுகளில் சில கார்களில் விற்றுப் பார்த்துவிட்டு நிறுத்தியது. அமெரிக்க அரசு விதி போடுவதும், அடுத்து வந்த அரசு அதை எடுப்பதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போவதுமாக இழுத்தது. அங்கே முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 1998ஆம் ஆண்டு மாடல்களில்தான். எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் வீண் சாக்கு என்றும் தள்ளிவிட முடியாது. ஆரம்பகால ஏர்பேக்குகள் விரிந்த வேகத்தில் முன்சீட்டில் இருந்த குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வேகத்தைக் குறைத்தார்கள்.

சில சமயம் சட்டத்தைவிட அவமானம் வேகமாக வேலை செய்யும். 1997இல் ஒரு ஸ்வீடன் பத்திரிகை, சாலையில் திடீரென்று குறுக்கே வரும் கடமானைத் தவிர்க்க வளைப்பதுபோல் மெர்சிடிஸின் புதிய சிறிய காரான ஏ-கிளாஸை வளைத்து ஓட்டியது. கார் கவிழ்ந்தது. வழுக்கும்போது தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, அதுவரை அந்த நிறுவனத்தின் பெரிய, விலையுயர்ந்த கார்களோடு இருந்தது. அதை அந்தச் சின்ன காரில் எல்லாருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமாக 2014 நவம்பர் ஆனது.

'வேண்டுமென்றால் வாங்கிக்கொள்' என்ற பட்டியலில் பாதுகாப்பை வைப்பதை நான் ஏற்காததற்கு ஒரே காரணம்தான். காரை வாங்குபவர் ஒருவர். பின்சீட்டில் உட்காருபவர், பத்து வருடம் கழித்து அதே காரைப் பழையதாக வாங்குபவர், சாலையைக் கடப்பவர் எல்லாம் வேறு ஆட்கள். ஷோரூமில் அந்தப் பட்டியலை அவர்களிடம் யாரும் காட்டப்போவதில்லை. தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் நடப்பவருக்கும் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் அதற்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் அந்த அமைப்பு இருந்தாக வேண்டும். அமெரிக்கா 2024இல் போட்ட விதி 2029 செப்டம்பர் வரை அவகாசம் தந்தது. அங்கே சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுகளுக்கும் மேல். விதி நடைமுறைக்கு வரும் நாளிலும், அந்த அமைப்பு இல்லாமல் விற்ற கார்கள் பல ஆண்டுகள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நன்றி, வணக்கம்.