கட்டிலுக்கு அடியில் கொடியேற்றியவர்கள்

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எட்டு மணி என்று சொல்லிப் பத்து மணிக்குத் தொடங்கியும் மார்கழிப் பனியில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வேதகலாபனையில், அதாவது விசுவாசத்துக்காகக் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், திருச்சபையைக் காப்பாற்றியவர்கள் உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளா, ஒளிந்து வாழ்ந்த விசுவாசிகளா? இதுதான் பட்டிமன்றத் தலைப்பு. எனக்கு விழுந்தது ஒளிந்து வாழ்ந்தவர்கள் பக்கம். சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள், நான் கேட்டு வாங்கவில்லை. வேதசாட்சி தேவசகாயத்தைச் சுட்டுக்கொன்ற காற்றாடிமலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைப் பேசப் போகிறாயா, உனக்குப் பைத்தியமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஆனால் இப்போது அணி மாறச் சொன்னால்கூட மாற மாட்டேன். காரணம் எனக்கு முன்னால் பேசிய தம்பி.

தம்பி என்ன சொன்னார்? "இந்த அக்கா அணி ஜெயித்தால் அடுத்த வருஷம் திருவிழாக் கொடியைக் கொடிமரத்தில் ஏற்ற முடியாது, கட்டிலுக்கு அடியில்தான் ஏற்றணும்!" விசில் பறந்தது. முதல் வரிசையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பாட்டிகூட ஒரு மணியை விட்டுவிட்டுச் சிரித்தார். தம்பி, கைதட்டு வாங்கிவிட்டீர்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கைத் தீர்ப்போம்.

பயந்தவனுக்குத் திருச்சபையில் மரியாதை கிடையாது என்றால், முதலில் ரோமையில் இருக்கிற அந்தப் பெரிய பேராலயத்தின் பெயரை மாற்ற வேண்டும். ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மூன்று தடவை சாதித்தாரே, யாரிடம்? வாளை உருவிக்கொண்டு நின்ற படைவீரனிடமா? ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் ஐயா! "நீயும் அவரோடு இருந்தவன்தானே" என்று அவள் சும்மா கேட்டதற்கு மனுஷன் ஆணையிட்டு மறுத்தார், சேவல் கூவியதும் அழுதார். ஆண்டவர் உயிர்த்து வந்து வேறு ஆள் தேடினாரா? அவரிடமே ஆடுகளை ஒப்படைத்தார். ரோமையில் அவர் வேதசாட்சியாகச் செத்தாரே என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். ஆமாம், செத்தார். அன்றைக்குத் தப்பித்ததால்தானே பிற்பாடு சாகவாவது முடிந்தது!

இன்னொருவரையும் பாருங்கள். 250ஆம் ஆண்டு, தேசியுஸ் என்ற ரோமைப் பேரரசன். எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று உத்தரவு. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் என்ன செய்தார்? ஊரைவிட்டே மறைந்துவிட்டார். மறைவிடத்திலிருந்து கடிதம் கடிதமாக எழுதிச் சபையை நடத்தினார். அப்போதும் நம்ம தம்பி மாதிரி ஆட்கள் இருந்தார்கள், ரோமையிலிருந்தே குத்திக்காட்டிக் கடிதம் வந்தது. அவர் அசரவில்லை. ஒரு ஊரில் துன்புறுத்தினால் வேறு ஊருக்கு ஓடிப்போங்கள் என்று மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறார், நான் சொல்லவில்லை. பலியிட்டவர்களையும் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்களையும் அந்தச் சபை பாவத்துக்கு வருந்தி மனஸ்தாபம் செய்யச் சொல்லித் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 258இல் இன்னொரு கலாபனை வந்தபோது சிப்ரியான் ஓடவில்லை, கழுத்தை நீட்டினார். இவரைத் தம்பி எந்தக் கட்சியில் சேர்ப்பார்?

சரி, எதிரணித் தலைவருக்கு வருகிறேன். வேதசாட்சிகளின் இரத்தமே திருச்சபையின் வித்து என்று அந்தக் காலத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொன்னதை மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் நீங்கள் கைதட்டினீர்கள். அழகான வாக்கியம்தான். ஆனால் ஜப்பானில் அந்த வித்து கொஞ்சமாகவா விழுந்தது? 1597 பிப்ரவரி 5, நாகசாகி, நிஷிசாகா குன்றில் 26 பேரைச் சிலுவையில் ஏற்றி ஈட்டியால் குத்தினார்கள். அதில் ஒருவர் நம்ம நாட்டில், மும்பைக்குப் பக்கத்து வசாய் ஊரில் பிறந்த கொன்சாலோ கார்சியா, ஒருவன் 12 வயதுப் பையன். 1622இல் அதே நாகசாகியில் ஒரே நாளில் 55 பேர். 1614லேயே நாடு முழுவதும் தடை வந்துவிட்டது. கடைசியில் மிச்சம் என்ன? கண்ணுக்குத் தெரிய ஒரு கோவில் இல்லை, பூசை வைக்க ஒரு குருவானவர் இல்லை. வருஷப் பிறப்பு வந்தால் ஆண்டவர் உருவமோ மாதா உருவமோ பொறித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள், நாகசாகிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மிதித்துவிட்டுப் போக வேண்டும். மிதிக்கவில்லை என்றால் கதை முடிந்தது.

மிதித்தார்கள். நான் மறைக்கவில்லை. மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். அடுத்த வருஷமும் மிதித்தார்கள், அடுத்த வருஷமும் அழுதார்கள். இப்படி இருநூறு வருஷத்துக்கு மேல்.

இப்போதுதான் கதை ஆரம்பம், நடுவர் ஐயா மணியில் இருந்து கையை எடுங்கள்.

1865. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று அனுமதி வாங்கி நாகசாகியில் ஓவுரா என்ற இடத்தில் ஒரு கோவில் கட்டியிருக்கிறார்கள். ஜப்பான்காரன் கும்பிட்டால் இன்னும் குற்றம்தான். பிரெஞ்சுச் சாமியார் பெர்னார் பெத்திஜான். மார்ச் 17, வெள்ளிக்கிழமை, மத்தியானம். கோவில் வாசலில் பத்துப் பதினைந்து பேர், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக நிற்கிறார்கள். பிரெஞ்சுக் கோவிலை வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம்தான் என்று பார்த்தால் தெரியும், ஆனால் இவர்கள் நிற்கிற நிலை வேறு மாதிரி இருக்கிறது. சாமியார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் பீடத்துக்கு முன்னால் முழந்தாள் போடுகிறார். ஒரு ஜெபம் முடிந்திருக்காது, பக்கத்தில் யாரோ வந்து முழந்தாள் போடுகிற அரவம். திரும்பிப் பார்த்தால் ஐம்பது அறுபது வயதில் மூன்று பெண்கள். ஒரு பாட்டி நெஞ்சில் கை வைத்து, சுவருக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரிக் கிசுகிசுக்கிறார்: "எங்க எல்லார் மனசும் உங்க மனசுதான்."

சாமியாருக்கு மூச்சு நின்றுவிட்டது. எந்த ஊர் என்று கேட்கிறார். "உரகாமி. அங்கே அநேகமாக எல்லாரும் இப்படித்தான்." அநேகமாக எல்லாரும்! கேட்டீர்களா தம்பி? அடுத்தாற்போல் பாட்டி கேட்ட கேள்வி: "சாந்தா மரியா சிலை எங்கே?"

திருத்தந்தை யார், சபைக்கு எத்தனை கோவில், எதுவும் கேட்கவில்லை. அம்மா எங்கே? அவ்வளவுதான். அந்தப் பாட்டி பிறந்ததிலிருந்து பார்த்திராத சிலை அது. பாட்டியின் பாட்டியும் பார்த்ததில்லை, அவருடைய பாட்டியும் பார்த்ததில்லை. வீட்டில் மாதா என்று வைத்துக் கும்பிட்டது புத்த மதத்துக் கண்ணோன் உருவம், பிடிபட்டாலும் தப்பிக்க. சாமியார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதும் அத்தனை பேரும் சுற்றி நின்று, "ஆமா, சாந்தா மரியாதான், கையிலே இயேசு பாலன் இருக்காரே!" என்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். "நாங்கள் இப்போது துக்க காலத்தில் பதினேழாம் நாளில் இருக்கிறோம், நீங்களும் அப்படித்தானே?" என்று விசாரித்தார்களாம். தவக்காலம்! நாள்காட்டி அச்சடித்துக் கொடுக்க ஆள் இல்லை, சாம்பல் பூச ஆள் இல்லை. ஊரில் ஒருவர் திருநாள் கணக்குப் பார்ப்பார், ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார், எல்லாம் வாய்வழியாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு. நமக்குப் பங்குப் பத்திரிகை இருக்கிறது, கோவில் மைக் இருக்கிறது, வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது, இன்றைக்குத் தவக்காலம் எத்தனையாம் நாள் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்?

தம்பி, கட்டிலுக்கு அடியில் கொடியேற்றினால் கேவலம் என்றீர்களே, இருநூறு வருஷத்துக்கு மேல் அங்கேதான் ஏற்றினார்கள். ஒரு வருஷம்கூட இறக்கவில்லை.

தேவசகாயத்தை வைத்து எங்களை மடக்கப் பார்த்தார்கள். வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் வாங்கி, மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் எருமை மேல் ஊர்வலம் விட்டு அவமானப்படுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14இல் துப்பாக்கிக்கு நெஞ்சைக் கொடுத்தவர். 2022இல் ரோமையில் புனிதரானார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு வராது. ஒன்று மட்டும் கேட்கிறேன். காட்டில் போட்ட அந்த உடம்பில் மிச்சமிருந்த எலும்புகளைப் பொறுக்கிக் கோட்டாறு சவேரியார் கோவிலுக்குக் கொண்டுவந்தார்களே, அவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். இந்த மேடையில் ஒருவருக்கும் தெரியாது. பிடிபடாமல் இருந்தவர்கள், அதனால்தான் நமக்கு அந்தக் கல்லறை இருக்கிறது.

இதோ மணி அடித்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா, உரகாமிக்காரர்கள் கதையைப் பாதியில் விட்டால் பாட்டி என்னை மன்னிக்க மாட்டார்.

வெளியே வந்தார்களே, சும்மா விட்டார்களா? 3,000 பேருக்கு மேல் நாடு கடத்துகிற மாதிரி ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். பசியிலும் சித்திரவதையிலும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். 1873இல் தடை நீங்கியதும் மிச்சப்பேர் திரும்பி வந்து ஒரு காரியம் செய்தார்கள்: தாங்கள் வருஷா வருஷம் மாதாவை மிதித்த அந்த ஊர்த் தலைவர் வீட்டு இடத்தையே காசு சேர்த்து வாங்கி, செங்கல் செங்கலாக அங்கே கோவில் கட்டினார்கள். அந்தக் கோவில்தான் 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு விழுந்த இடத்துக்கு அரைக் கிலோமீட்டரில் இருந்தது. மாதாவின் விண்ணேற்பு விழாவுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய உள்ளே ஆட்கள் இருந்தார்கள். பங்கில் இருந்த சுமார் 12,000 பேரில் 8,500 பேர் போய்விட்டார்கள். குண்டு போட்டது வேதகலாபனை ஆகாது, தலைப்பை விட்டு வெளியே போகிறேன் என்று தம்பி கை தூக்குகிறார், தூக்கட்டும். இடிபாட்டில் மாதா சிலையின் தலை மட்டும் கிடைத்தது, கண் இருந்த இடம் கருகிப்போய். கோவில் மணி ஒன்று உடையாமல் கிடைத்தது. அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு முந்தின ராத்திரி, பிழைத்தவர்கள் அதைத் தூக்கிக் கட்டி அடித்தார்கள். பிள்ளைகளைப் புதைத்த கையால் அடித்தார்கள் ஐயா. மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

நடுவர் ஐயா, நீங்கள் ராத்திரி இந்த ஊர் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், தீர்ப்பை எதிரணிக்கே கொடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அடுத்து வருகிற எதிரணி நண்பர் அந்த உரகாமிப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேலி பேசினால் நான் மறுபடியும் மைக்கைப் பிடுங்குவேன். நன்றி, வணக்கம்.