எலும்பு உருவாகும் இடமும் உருவாகாத இடமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எலும்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே பாலுக்கும் கால்சிய மாத்திரைக்கும் போய்விடுவது வழக்கம். கால்சியம் தேவைதான், அதில் ஐயமில்லை. ஆனால் எலும்பு உருவாவதில் கால்சியம் கடைசியாக வந்து சேரும் பொருள். அது வருவதற்கு வெகு முன்பே உயிரணுக்கள் முக்கியமான முடிவுகளையெல்லாம் எடுத்துவிடுகின்றன. நம் குருதியிலும் திசுக்களின் நீரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் எந்நேரமும் கரைந்திருக்கின்றன. எலும்புக்கு அடிப்படையான கொலாஜன் புரதம் தோலிலும் தசைநாணிலும்கூட நிறைந்திருக்கிறது. அப்படியிருக்க, தோல் ஏன் எலும்பாகி இறுகுவதில்லை? எலும்பியலின் மிக ஆழமான கேள்வி இதுவே என்று நான் கருதுகிறேன்.

கருவில் கைகால்கள் அரும்பும்போது அங்கே எலும்பு கிடையாது. இன்னும் எந்தத் தொழிலையும் ஏற்காத உயிரணுக்கள் ஓரிடத்தில் நெருங்கித் திரள்கின்றன. அந்தத் திரளில் சாக்ஸ்-9 என்னும் புரதம் மேலோங்கினால் அவை குருத்தெலும்பு உயிரணுக்களாகின்றன. ரன்எக்ஸ்-2 மேலோங்கினால் எலும்பாக்க உயிரணுக்களாகின்றன. எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்று தீர்மானிப்பவை இந்தப் புரதங்களே. மண்டையோட்டின் தட்டை எலும்புகள் குருத்தெலும்பு நிலையைத் தொடாமல் நேராகவே உருவாகின்றன. தொடையெலும்பு போன்ற நீண்ட எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக வடிவெடுத்துப் பிறகு எலும்பாக மாறுகின்றன.

ரன்எக்ஸ்-2 எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1997-இல் ஜப்பானின் தோஷிஹிசா கொமோரி குழுவினரும் வேறு ஆய்வாளர்களும் காட்டினார்கள். அந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரண்டு நகல்களையும் நீக்கிய எலிக்குட்டிகளின் உடலில் முழு எலும்புக்கூடும் குருத்தெலும்பாகவே இருந்தது. கால்சியத்துக்குக் குறைவில்லாதிருந்தும் எலும்பு உருவாகவில்லை. விலா எலும்புகள் இறுகாததால் மூச்சு விட முடியாமல் அவை பிறந்தவுடனே இறந்தன. மனிதரில் ஒரு நகல் மட்டும் பழுதுபட்டவர்கள் உண்டு. உச்சிக்குழி மூட அவர்களுக்கு நெடுநாள் ஆகும். காறை எலும்பு குறைவளர்ச்சியோடோ இல்லாமலோ இருப்பதால், சிலர் இரு தோள்களையும் மார்புக்கு முன்னே ஒன்றோடொன்று தொடும்படி கொண்டுவருவார்கள்.

நீண்ட எலும்பின் முனையருகே உள்ள வளர்தட்டில்தான் நாம் உயரமாகிறோம். அங்கே குருத்தெலும்பு உயிரணுக்கள், நாணயங்களை அடுக்கி வைத்தது போல நெடுவரிசைகளாகப் பெருகி, பின்னர் பல மடங்கு உப்பி, தம்மைச் சூழ்ந்த பொருளில் கனிமம் படியச் செய்து, குருதிக்குழாய்களை வரவழைக்கும் புரதத்தையும் சுரக்கின்றன. அந்தக் குழாய்களோடு எலும்பாக்க உயிரணுக்கள் உள்ளே நுழைகின்றன. உப்பிய உயிரணுக்கள் அனைத்தும் மடிந்துபோவதாகவே நெடுங்காலம் பாடநூல்கள் எழுதிவந்தன. 2014-இல் எலிகளின் உயிரணுக்களுக்கு மரபணு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது, அவற்றில் ஒரு பகுதி தாமே எலும்பாக்க உயிரணுக்களாக மாறுவது தெரியவந்தது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். எலும்பாக்க உயிரணு முதலில் வெளியே சுரப்பது கனிமத்தை அன்று, கொலாஜனை. மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட இந்த மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமுள்ளது. மூலக்கூறுகள் ஒன்றையடுத்து ஒன்று சற்றே தள்ளி அடுக்கப்படுவதால் இடையிடையே ஏறத்தாழ 40 நானோமீட்டர் வெற்றிடங்கள் அமைகின்றன. ஹைட்ராக்ஸி அபடைட் என்னும் கால்சிய பாஸ்பேட் படிகங்கள் அந்த வெற்றிடங்களிலும் அவற்றைச் சூழ்ந்தும் படிகின்றன. ஆனால் உடலெங்கும் பைரோபாஸ்பேட் என்னும் சிறிய மூலக்கூறு பரவி நின்று படிகம் வளர்வதைத் தடுக்கிறது. எலும்பாக்க உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அந்தத் தடையைச் சிதைக்கிறது. சிதைவில் கிடைக்கும் பாஸ்பேட் படிகத்துக்கே பயன்படுகிறது. கொலாஜனும் இந்த நொதியும் ஒருங்கே கூடும் இடமே எலும்பு. 2005-இல் ஜெரார்ட் கார்சென்டி குழுவினர், எலியின் தோலில் இந்த நொதியை உண்டாக்கும்படி மரபணுவை மாற்றியபோது, தோலே கனிமமேறி இறுகியது. என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன்.

பிறவியிலேயே இந்த நொதி குறைந்த குழந்தைகளின் எலும்புகள் மென்மையாகி வளைந்துவிடுகின்றன. எலும்பில் ஏற முடியாத கால்சியம் குருதியில் தங்குவதால், கடும்நிலைக் குழந்தைகளுக்குக் குருதிக் கால்சியம் கூடுதலாகவே இருக்கும். இவர்களுக்கு மேலும் கால்சியம் கொடுப்பது தீங்காக முடியும். அவர்களுக்கு வேண்டியது அந்த நொதி. அதை ஊசிவழி செலுத்தும் மருந்து 2015-இல் அங்கீகாரம் பெற்றது.

உயிரணுவுக்கு எலும்பாக்கு என்று ஆணையிடுவது எது என்பதை 1965-இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் தேடினார். எலும்பை அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தையெல்லாம் நீக்கி, மிஞ்சியதை விலங்கின் தசைக்குள் வைத்தார். அங்கே புது எலும்பு முளைத்தது. கால்சியம் நீங்கிய எலும்பு எலும்பை உண்டாக்கியது என்றால், ஆணை கனிமத்தில் இல்லை, புரதத்தில் இருந்தது. எலும்பு உருவாக்கப் புரதங்கள், சுருக்கமாக பிஎம்பி, என்று இன்று அழைக்கப்படும் அவற்றின் மரபணுக்கள் 1988-இல் பிரித்தெடுக்கப்பட்டன.

இந்த ஆணையைப் பெறும் ஏற்பிகளில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றாக, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மூட்டர் அருங்காட்சியகத்தில் ஹாரி ஈஸ்ட்லாக் என்பவரின் எலும்புக்கூடு நிற்கிறது. 1973-இல் இறப்பதற்குமுன் தம் உடலை ஆய்வுக்கென்று அவரே கொடுத்துச் சென்றார். தசைகளும் தசைநாண்களும் எலும்புத் தகடுகளாகி முதுகையும் கைகால்களையும் ஒன்றாகப் பிணைத்திருப்பதை அங்கே காணலாம். காரணமான மாற்றம் 2006-இல் கண்டறியப்பட்டது: ஏசிவிஆர்-1 என்னும் ஏற்பியின் 206-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமர்ந்திருக்கிறது. காயத்தின்போதும் அழற்சியின்போதும் திசுவில் சுரக்கும் ஆக்டிவின்-ஏ என்னும் புரதத்தை, மாறிய இந்த ஏற்பி எலும்பாக்கும் ஆணையாகப் படித்துவிடுகிறது. அதனால்தான் ஒரு வீழ்ச்சியோ தசையில் போடும் ஓர் ஊசியோ அங்கே எலும்பு வளரப் போதுமானதாகிறது. வளர்ந்த எலும்பை அறுத்தெடுத்தால் அந்தப் புண்ணிலிருந்தே மேலும் எலும்பு முளைக்கிறது.

இந்நோய் மிக அரிது. எனினும் இதை அடையாளம் காண உதவும் ஒரு குறி பிறக்கும்போதே உண்டு. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ எல்லாருக்கும் இரு கால்களின் கட்டைவிரலும் குட்டையாக, மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்திருக்கும். இந்த அவையில் மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள். அத்தகைய கால்விரல்களோடு பிறந்த குழந்தைக்குப் பின்னாளில் முதுகிலோ கழுத்திலோ திடீரென வீக்கம் தோன்றினால், கட்டி என்று எண்ணித் திசுவை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதற்குமுன், அந்தக் கால்விரல்களைப் பாருங்கள். குருதியில் செய்யும் மரபணுப் பரிசோதனையே இந்த நோயை உறுதிப்படுத்தப் போதும்.