சந்தோஷம் விசாரிக்க யார் வருவார்?

வணக்கம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. போன வாரம் உங்களிடம் யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்லிப் புலம்பினார்களா? புலம்பியிருந்தால் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, அநேகமாக அரங்கம் முழுக்கக் கை. சரி, இறக்கிக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் யாராவது ஒரு நல்ல சேதி சொன்னார்களா? கல்யாணம், பதவி உயர்வு என்று பெரிசாக வேண்டாம். சும்மா சின்னதாக ஒன்று. ம்... ஏழெட்டுக் கைகள். அதிலும் பின்வரிசையில் ஒருவர் தூக்கிவிட்டு, 'இதெல்லாம் கணக்கில் சேருமா' என்று யோசித்துப் பாதியில் இறக்கிவிட்டார். ஐயா, இன்றைய பேச்சே பாதியில் இறங்கிய அந்தக் கையைப் பற்றியதுதான்.

ஒருவருக்குத் துன்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். துக்கம் விசாரிக்கப் போகிறோம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். விசாரிப்பது. எப்போது ஆச்சு, எப்படி ஆச்சு, பக்கத்தில் யார் இருந்தார்கள், கடைசியாக என்ன பேசினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். பதில் முன்பே தெரிந்திருந்தாலும் கேட்கிறோம். சொல்லச் சொல்லத்தான் பாரம் இறங்கும் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் 'சந்தோஷம் விசாரித்துவிட்டு வந்தேன்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. சந்தோஷத்துக்கு நாம் வாழ்த்துச் சொல்கிறோம். வாழ்த்து நல்லதுதான், ஆனால் அது ஒரு முற்றுப்புள்ளி. 'வாழ்த்துகள்' என்றதும் 'நன்றி' என்பார்கள். கதை முடிந்தது.

சின்ன விஷயங்களுக்கு அந்த முற்றுப்புள்ளியும் கிடைப்பதில்லை. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதியாகிவிட்டது. மாத்திரை போடாமல் ஓர் இரவு தூக்கம் வந்தது. வண்டியை ரிவர்ஸில் எடுத்து ஒரே தடவையில் நிறுத்தியாச்சு. இதற்கெல்லாம் 'வாழ்த்துகள்' என்று யார் சொல்வது? சொன்னாலும் கேலி மாதிரி இருக்கும். திக்கிப் பேசுகிறவர் ஒருவர் போனில் தன் பெயரைத் தடங்காமல் சொல்லிவிடுகிறார் என்று வையுங்கள். நமக்கு அது ஒன்றுமே இல்லை. அவருக்கு? திக்கிப் பேசுகிற பலருக்குச் சொந்தப் பெயர்தான் மிகக் கடினமான சொல். மற்ற இடங்களில் தடங்குகிற சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து 'இன்னிக்கு ஒரு போன் பேசினேன்' என்று ஆரம்பித்தால், அதை நிறுத்திக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். என் மனைவிக்கு ஒரு சமயம் வலது தோள்பட்டை இறுகிப்போய்விட்டது. 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்பார்கள். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிக்கொள்ளும். கையை மேலேயும் தூக்க முடியாது, பின்னாலும் கொண்டுபோக முடியாது. முழுதாகச் சரியாக இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். முன்னேற்றம் விரல்கடை விரல்கடையாகத்தான் வரும். ஏழெட்டு மாதமாக அவருக்குத் தலைமுடியைப் பின்னால் கட்ட முடியவில்லை; மகள்தான் கட்டிவிடுவாள். ஒரு நாள் காலை நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன். அறையிலிருந்து வந்தவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். 'இன்னிக்கு நானே கட்டிட்டேன்' என்றார். கட்டியது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ரப்பர் பேண்ட் இரண்டு சுற்றுதான் சுற்றியிருந்தது. மூன்றாவது சுற்றுக்குக் கை ஒத்துழைக்கவில்லைபோல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அப்போ எக்ஸர்சைஸ் வேலை செய்யுது. அதை விட்டுடாத.' சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மாதம் போயிருக்கும். எதிர்வீட்டு அம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தி, 'உங்க வீட்டுக்காரங்க இப்பல்லாம் மேல் கொடியிலேயே துணி போடறாங்களே, பார்க்கவே சந்தோஷமா இருக்கு' என்றார். எனக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எனக்கு அந்தச் சேதி எதிர்வீடு சுற்றி வருகிறது. வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுவார்த்தைக்கும் குறைவில்லை. சேதி மட்டும், தண்ணீர் பள்ளம் தேடிப் போகிற மாதிரி, கேட்க ஆள் இருக்கிற பக்கம் போய்விட்டது.

உளவியல்காரர்கள் இதை விட்டுவைக்கவில்லை. நல்ல சேதியைப் பிறரிடம் சொன்னால், சேதி தந்த மகிழ்ச்சிக்கு மேல் கூடுதலாகக் கொஞ்சம் மகிழ்ச்சி கிடைக்கிறது என்று 1994இல் லாங்ஸ்டன் என்பவர் எழுதினார். கிடைத்த நல்லதை முதலாகப் போட்டு இன்னும் கொஞ்சம் சம்பாதிப்பது என்ற அர்த்தத்தில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் கேட்பவர் பக்கம் திரும்பினார்கள். நல்ல சேதி காதில் விழுந்தால் மனிதர்கள் நான்கு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்றார்கள். என் வீட்டு ரப்பர் பேண்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோமே. 'எங்கே, திரும்பு பார்க்கலாம்! கை அவ்வளவு தூரம் எப்படிப் போச்சு? வலிக்கலையா?' இது ஒரு விதம். தலையைத் தூக்காமலே 'ம், நல்லது' என்பது இன்னொன்று. 'பாத்து, அவசரப்பட்டு மறுபடியும் இழுத்துக்கப் போற' என்பது மூன்றாவது. 'என் சாவி எங்கே?' என்பது நான்காவது. நான் சொன்னது இரண்டாவதும் மூன்றாவதும் கலந்து, அறிவுரை வேஷம் போட்டு வந்தது.

இதில் என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. முதல் விதம் மட்டும்தான் தம்பதிகளுக்கிடையே நெருக்கத்தோடும் திருப்தியோடும் சேர்ந்து காணப்பட்டது. மற்ற மூன்றும் எதிர்ப்பக்கம். அதாவது நாம் மரியாதைக்குச் சொல்கிற அந்த 'ம், நல்லது' கூட, சாவியைத் தேடுகிறவரோடுதான் ஒரே வரிசையில் நிற்கிறது. அதன் பிறகு 2006இல் காதலர்களை அழைத்து, ஒருவருக்கொருவர் ஒரு நல்ல விஷயத்தையும் ஒரு கஷ்டத்தையும் சொல்லவைத்துப் படம் பிடித்தார்கள். இரண்டு மாதம் கழித்து உறவு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். கஷ்டத்தைக் கேட்ட விதத்தைவிட நல்லதைக் கேட்ட விதம்தான் அந்த உறவின் நிலையை அதிகமாகக் காட்டிக்கொடுத்தது.

ஏன் இப்படி? நான் நினைக்கிற காரணத்தைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. கஷ்டத்தில் கைகொடுப்பதில் கொஞ்சம் கடமை கலந்திருக்கிறது. கொடுக்காவிட்டால் நாலு பேர் கேட்பார்கள். வாங்கிக்கொள்கிறவருக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம், ஒரு கடன்பட்ட உணர்ச்சி. சின்னச் சந்தோஷத்தை உட்கார்ந்து கேட்கச் சொல்லி யாரும் யாரையும் வற்புறுத்த முடியாது. கேட்காமல் போனால் குற்றமும் இல்லை. அப்படியிருந்தும் ஒருவர் கேட்டார் என்றால், நம் மேல் உள்ள அக்கறையைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாது. அதனால்தான் அது மறப்பதில்லை.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் 'நிறைகுடம் தளும்பாது' என்று எடுத்துவிடுவார். எடுத்துவிடட்டும். எனக்கு அந்தப் பழமொழியோடு ரொம்ப நாளாக ஒரு வழக்கு இருக்கிறது. குடம் எதற்கு நிறைகிறது? யாராவது சாய்த்து ஊற்றிக் குடிக்கத்தானே? பெருமையடிப்பதும் பகிர்ந்துகொள்வதும் ஒன்றல்ல. தம்பட்டக்காரருக்கு உங்கள் காது மட்டும் போதும். நீங்கள் என்ன பதில் சொன்னாலும் அவர் அடுத்த அடிக்குப் போய்விடுவார். 'இன்னிக்கு நானே கட்டிட்டேன்' என்று முதுகைக் காட்டி நிற்கிறவர் உங்கள் முகத்துக்குக் காத்திருக்கிறார். வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும். பயத்தினால் சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு. சொன்னால் கலைந்துவிடுமோ, கண் பட்டுவிடுமோ என்று. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. மனசு திறக்கும்போது திறக்கட்டும்.

பொறாமை வராதா என்று கேட்பீர்கள். வரும். நானே மேடையில் நின்று நல்லவன் வேஷம் போடத் தயாராக இல்லை. என்னைப் போலவே பேச்சாளரான ஒரு நண்பர், போன கூட்டத்தில் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது என்றார். எனக்குள் சுருக்கென்றது. அதே நண்பர் நீச்சல் கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். ஆபிரகாம் டெஸர் என்ற உளவியலாளர் இதைத்தான் விளக்குகிறார். நெருங்கியவர், அதிலும் நாம் எதை வைத்து நம்மை மதிக்கிறோமோ அதே துறையில், நம்மைத் தாண்டினால்தான் அதிகம் குத்துகிறது. தூரத்து ஆள் என்றால் வலிக்காது. நெருங்கிய ஆளே வேறு துறையில் வென்றால் பெருமையாகக்கூட இருக்கும். பௌத்தத்தில் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நான்கு சொல்வார்கள். முதிதை என்றால் பிறர் மகிழ்ச்சியில் தானும் மகிழ்வது. அதற்கு நேர் எதிரி பொறாமை என்றும் வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், தியானம் செய்து பழக வேண்டிய பட்டியலில் அதை வைத்திருக்கிறார்கள். தானாக வருகிற குணம் என்றால் பயிற்சி எதற்கு? எனவே சுருக்கென்றதற்காக வெட்கப்படாதீர்கள். சுருக்கென்ற பிறகும் 'எந்த இடத்தில் எழுந்து நின்றார்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் சொன்ன பதிலில் எனக்கும் ஒரு பாடம் இருந்தது, அது வேறு விஷயம்.

சொல்கிறவருக்கும் ஒரு வார்த்தை. 'செய்யப்போகிறேன்' என்பதையும் 'செய்துவிட்டேன்' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரின் குழுவினர் 2009இல் சட்ட மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நன்றாக உழைக்கப்போகிறேன் என்ற தீர்மானத்தைப் பிறர் அறியச் சொன்ன மாணவர்கள், சொல்லாதவர்களைவிடக் குறைந்த நேரமே வேலையில் உட்கார்ந்தார்கள். சொன்னதிலேயே பாதி சாதித்த திருப்தி வந்துவிடுகிறது. ஆகவே நாளைக்கு ஓடப்போவதைச் சொல்லாதீர்கள், இன்றைக்கு ஓடியதைச் சொல்லுங்கள். அப்புறம், ஸ்டேட்டஸில் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வரும் முந்நூறு இதயக் குறிகளில் ஒன்றுகூட 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்காது.

வேலையிடத்தைப் பற்றி ஒரு நிமிஷம். தெரசா அமாபிலே, ஸ்டீவன் கிரேமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழு நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் நாட்குறிப்பு எழுதவைத்தார்கள். ஏறக்குறைய 12,000 பதிவுகள் சேர்ந்தன. மனசு நன்றாக இருந்த நாட்களில் அதிகமாகத் தென்பட்டது போனஸோ பாராட்டோ இல்லை. செய்கிற வேலை ஓரடி நகர்ந்தது என்பதுதான். வேலையைப் பொறுத்தவரை சின்னதாக இருந்த சம்பவங்களில் 28 சதவீதம், எழுதியவரின் மனசில் பெரிய மாற்றத்தை உண்டாக்கியிருந்தன. நம் கூட்டங்களில் எந்த வேலை நின்றுபோனது என்று ஒரு மணி நேரம் துருவுகிறோம். நகர்ந்ததைச் சொன்னால் 'சரி, அடுத்தது' என்கிறோம். அங்கேயும் சாவி தேடுகிறவர்கள்தான்.

நேரமாகிவிட்டது, மணியைக் காட்டுகிறார்கள். என் வீட்டுக் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

படிக்கட்டில் வாங்கிய அடிக்குப் பிறகு நான் காத்திருந்தேன். நாமாகப் போய் 'ஏதாவது நல்ல சேதி இருக்கா' என்று கேட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும். நாலு மாதம் ஆனது. ஒரு சாயங்காலம் நான் எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்தபடியே, எனக்குச் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில், 'மேல் தட்டு டப்பாவை எடுத்துட்டேன்' என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன்.

'எந்தக் கையால?'

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். 'வலது கைதான்.'

'ஸ்டூல் போட்டுக்காமலா?'

'போடாமத்தான். இந்தா, இப்படி.' டப்பாவை மறுபடி மேலே வைத்து, நுனிக்காலில் எம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி எடுத்துக் காட்டினார். எந்த இடத்தில் வலி ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் விட்டுவிடுகிறது, போன மாதம் எந்தத் தட்டு வரைக்கும் எட்டியது, முதல் தடவை எட்டியபோது வீட்டில் யாருமே இல்லாமல் போனது, எல்லாம் வந்தது. இருபது நிமிஷம் நின்றுகொண்டே பேசினோம். கடைசியில்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

'ஆமா, அந்த டப்பாவுல என்ன இருக்கு?'

'ஒண்ணும் இல்ல, காலி டப்பா' என்றார். 'எட்டுதான்னு பார்க்கத்தான் எடுத்தேன்.'